டெய்லர் பிரித்த வண்டி

டெய்லர் போனட்டைத் திறந்த அன்றைக்கே தெருவில் பாதிப் பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் சாயங்காலம் வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தராவது வாயை மூடிக்கொண்டு போனாரா என்றால், இல்லை. "என்ன டெய்லர், வண்டிக்கு அளவு எடுக்கறியா?" என்று ஒருத்தர். "முழுக்கை வைப்பியா, அரைக்கையா?" என்று இன்னொருத்தர். காலமெல்லாம் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று ஸ்பானரைத் தூக்கினால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? டெய்லரும் சிரித்து வைத்தான். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் படுத்திருந்தார். தம்பி சிரிக்கிற சத்தமாவது அவர் காதில் விழட்டும் என்று நினைத்தான்.

அண்ணனைத் தெருவில் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நிற்கிற அந்த வெள்ளைக் கார்தான் அவருடைய பிழைப்பு. உருண்டை மூக்கு, அகலமான பின்சீட்டு. ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு ஏறிக்கொள்ளலாம். ரயிலுக்கு, பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு என்று அந்தக் காரில் ஏறாதவர்கள் தெருவில் கிடையாது. டெய்லரை வளர்த்ததும் அந்தக் கார்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அண்ணன் ஸ்டியரிங் பிடித்துத்தான் அவனுக்குச் சோறு போட்டார். பையனுக்குப் படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் ஒரு தையல் மெஷினை வாங்கி வந்து முன்னறையில் போட்டவரும் அவர்தான். டெய்லர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "என் அளவுக்குப் பொண்ணு கெடைக்கல" என்பான். அண்ணன், அண்ணி, அவன். அவ்வளவுதான் வீடு.

ஒருநாள் சாயங்காலம் டிரைவர் வண்டியை வாசலில் நிறுத்தினார். போனட்டைத் தூக்கிக் குனிந்து என்னமோ செய்தார், மூடினார், கதவைப் பூட்டினார். தினமும் செய்கிறதுதான், யாரும் கவனிக்கவில்லை. படியேறி வந்தவர் பாதிப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக் கூட்டி வந்தபோது அவருக்கு வலது பக்கம் முழுக்கப் போய்விட்டிருந்தது. பேச்சும் போய்விட்டது. 'ஆ' என்கிற ஒரு சத்தமும், இடது கையும், கண்ணும்தான் மிச்சம்.

டெய்லருக்குத் தெரிந்த வைத்தியம் ஊசியும் நூலும்தான். படுத்திருக்கிறவருக்குச் சட்டை மாட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று அண்ணி அழுததைப் பார்த்துவிட்டு, அண்ணனுடைய காக்கிச் சட்டைகளை எல்லாம் மெஷினுக்குக் கொண்டுவந்தான். முதுகைப் பிளந்து நாடா வைத்தான். வலது கையைத் தோள்வரைக்கும் பிரித்து, சேர்த்துக் கட்டிக்கொள்கிற மாதிரி செய்தான். புரளும்போது மடிந்து உறுத்தும் என்று பாக்கெட்டுகளையும் எடுத்துவிட்டான். படுத்திருக்கிறவருக்குப் பாக்கெட் எதற்கு? விழுந்த அன்றைக்கு அவர் போட்டிருந்து, ஆஸ்பத்திரியில் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்த சட்டையின் பாக்கெட்டுக்குள் ஒரு பல் போன சீப்பு, ஒரு பேனா மூடி, பித்தளைத் தகடு வைத்த காபி நிறச் சாமான் ஒன்று, எல்லாம் இருந்தன. டெய்லர் எதையும் தூக்கி எறிகிற ஜாதி இல்லை. சீப்பை அண்ணியிடம் கொடுத்தான். மற்றதைப் பொத்தான் டப்பாவில் போட்டான். பிரித்தெடுத்த பாக்கெட்டுகள் வெட்டுத்துணி மூட்டைக்குப் போயின.

அந்தச் சட்டைகளைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி நர்ஸ்கூட, "எங்களுக்கும் இதே மாதிரி தைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள். டெய்லருக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகுதான் டிரைவர் நெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்.

இடது கையை மடக்கி, நெஞ்சின் இடது பக்கம், டொக் டொக் என்று தட்டுவார். தட்டிவிட்டு ஜன்னல் வழியாகக் காரைப் பார்ப்பார். பிறகு தம்பியைப் பார்ப்பார். மறுபடி தட்டுவார். முதல் தடவை பார்த்ததும் அண்ணி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "தம்பி, நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றாருடா!" என்று கத்தினாள். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயத்துக்கு ஒண்ணும் இல்லம்மா, நம்மளவிட நல்லா ஓடுது" என்றார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஓடினார்கள். மறுபடி அதே பதில். "இந்த மாதிரி நோயாளிங்களுக்கு ஏதாவது ஒரு பழக்கம் ஒட்டிக்கும். கண்டுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பது? டிரைவர் சாப்பாட்டையும் விட்டுக்கொண்டே வந்தார். கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினால் கடைவாயில் ஒதுக்கிவைத்துக்கொள்வார். மருந்து வாங்கப் போன டெய்லரை டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாரு. வராதுன்னு என்னால சொல்ல முடியாது. அவருக்கு ஏதாச்சும் ஆசை இருந்தா செஞ்சு குடுங்க" என்றார். டெய்லர் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"அண்ணே, உனக்கு என்ன வேணும்? வண்டியா? வண்டியப் பாத்துப் பாத்துத்தானே தட்டுற?"

டிரைவரின் கண் பெரிதாகிற்று. "ஆ!" என்றார். தம்பி கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

"ஓட வைக்கணுமா?"

"ஆ!"

"சரி. ஓட வைக்கிறேன். பின்சீட்டுல உன்ன மொதலாளி மாதிரி உக்கார வச்சு ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

டிரைவர் நெஞ்சைத் தட்டினார்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வண்டியோ அண்ணன் படுத்ததிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் மழையும் வெயிலும் தின்று கிடந்தது. நாலு சக்கரமும் தரையோடு ஒட்டியிருந்தன. பின்சீட்டுக்குள் பூனை குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தியிருந்தது. கதவின் அடிப்பக்கத்தைத் தொட்டால் துரு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. டெய்லர் நேராக மெக்கானிக்கிடம் போனான். அந்த மெக்கானிக்குக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பான். பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டால்கூட நாளைக்கு என்று சொல்கிற ஆள் என்பார்கள். அவன் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். போனட்டைத் திறக்கக்கூட இல்லை.

"டெய்லர், மனசுல வச்சுக்காத. இது போயிடுச்சு. எலி ஒயரு பூரா தின்னிருக்கும். பழைய இரும்புக்குப் போடு."

"அண்ணன் பாத்துட்டே படுத்திருக்காருய்யா. அவரு கண்ணு முன்னாடி எப்படிப் போடறது?"

'நாளைக்கு' ஜன்னல் பக்கம் பார்த்தான். டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். "கைல ரெண்டு வண்டி பிரிச்சுக் கெடக்கு. முடிச்சிட்டு நாளைக்கு வரேன்" என்றான்.

அந்த நாளை வரவே இல்லை. டெய்லர் போய்ப் போய்க் கால் தேய்ந்தான். கடைசியில் அவனிடமே ஸ்பானர்களை இரவல் வாங்கிக்கொண்டு வந்து தானே இறங்கிவிட்டான். அண்ணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"உனக்கு சைக்கிள்ல காத்து அடிக்கத் தெரியுமா, சொல்லு பாப்போம்?"

"தெரியாது."

"அப்புறம் எந்தத் தைரியத்துல எறங்குற?"

"பழைய கோட்டக் கொண்டாந்து குடுத்தா என்ன பண்றேன்? பிரிக்கிறேன், அடையாளம் போடறேன், மறுபடி சேக்கறேன். இதுவும் அதே கததான் அண்ணி. இது இரும்பு, அது துணி."

"நல்லாச் சொன்ன போ" என்று அண்ணி உள்ளே போனாள். போனவள் பழைய பாயைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் விரித்தாள். சாமானைப் பரப்பி வைக்க இடம் வேண்டுமே.

காலையில் தையல், மத்தியானத்துக்குமேல் வண்டி என்று வைத்துக்கொண்டான். டேங்கிலிருந்த பழைய பெட்ரோலை இறக்கினான். வார்னிஷ் மாதிரி நாறியது, அன்றைக்கு முழுக்க யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. இறுகிப்போன சக்கரத்து நட்டுகளுக்கு எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்தான். ஒன்று கழன்றது. ஒன்றில் அவனே கழன்று விழுந்தான். கார்பரேட்டர், பெட்ரோல் பம்ப், பிளக்குகள் என்று கைக்கு வந்ததை எல்லாம் பிரித்தான். பிரித்த ஒவ்வொன்றிலும் தையல் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டான். துணியில் போடுகிற அதே அடையாளங்கள். இது இதோடு சேரும் என்பதற்கு இரட்டைக் கோடு, மேல் பக்கத்துக்குக் குறுக்குக் கோடு, மடிப்புக்கு அரைவட்டம். பாய் முழுக்கச் சாமான், சாமான் முழுக்க வெள்ளைக் கோடு. தெரு வந்து பார்த்து, பரவாயில்லையே என்று தலையாட்டியது. டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பெரிய சட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றினான். எல்லாவற்றையும் அதில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினான். கழுவி எடுத்துப் பாயில் வைத்தான். சாமான்கள் எல்லாம் பளபளவென்று மின்னின. ஒரு கோடு இல்லை.

சாக்குக்கட்டி மண்ணெண்ணெயில் நிற்காது. அது கழுவினால் போவதற்கென்றே உள்ள சாமான் என்று அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தும் செய்தான். பாய்க்கு நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். எது எதோடு சேரும், எது மேலே, எது கீழே, ஒன்றும் தெரியவில்லை. அண்ணி டீ கொண்டுவந்தாள். பாயை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, கலர் நூலு கட்டி வச்சிருக்கலாம்ல?"

"இப்பச் சொல்றீங்களே அண்ணி!"

"நீதானே டெய்லரு, நானா?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் கிடைத்த ஒரு சாமானை எடுத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். கோபத்தில்தான் காட்டினான். "பாரு அண்ணே, உன் தம்பி பண்ணின காரியத்த! இது எங்க போகும்னுகூடத் தெரியல."

டிரைவர் இடது கையைத் தூக்கினார். விரலால் கீழே காட்டினார். பிறகு கையைத் திருப்பினார்.

டெய்லர் எழுந்து நின்றான். சாமானைக் கவிழ்த்துப் பிடித்தான். "இப்படியா?"

"ஆ."

அப்புறம் அப்படித்தான் வேலை நடந்தது. அண்ணி தலைகாணிகளை அடுக்கி டிரைவரை ஜன்னல் பக்கமாகச் சாய்த்து உட்கார வைப்பாள். டெய்லர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவான். இடதா, வலதா, இன்னும் மேலேயா, இறுக்கணுமா, போதுமா? டிரைவர் விரலாலேயே சொல்லுவார். தப்பாக மாட்டினால் 'ஆ ஆ' என்று ஒரு கத்து. சரியாக மாட்டினால் கண்ணை மூடித் திறப்பார். அந்த நாட்களில் அவர் சாப்பிட்டார். டெய்லர் ஒரு போல்ட்டை முடுக்குவதற்குள் அண்ணி ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே தள்ளிவிடுவாள். "நீ மெதுவாவே முடுக்கு தம்பி, ஒண்ணும் அவசரம் இல்ல" என்பாள். வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

ஒன்றே ஒன்றுதான். நாலு பிளக்குகளுக்கும் ஒயர் பிரிகிற இடத்தில் ஒரு கறுப்பு மூடி உண்டு. டெய்லர் அந்த மூடியில் கை வைத்தால் போதும், டிரைவர் நெஞ்சைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். மூடியைத் திறந்தான். நடுவில் ஒரு கம்பி மொட்டையாக நின்றது. துடைத்து மறுபடி மூடினான். அதற்குள் டிரைவருக்கு வேர்த்து ஊற்றியது. டொக் டொக் டொக்கென்று நெஞ்சு சிவக்கத் தட்டினார்.

"வலிக்குதா அண்ணே? போதும், போதும். இன்னிக்கு நிறுத்திக்கலாம்."

"ஆ! ஆ ஆ!"

"நிறுத்திட்டேன் அண்ணே, நிறுத்திட்டேன். இதோ பாரு, ஸ்பானரக் கீழ வச்சிட்டேன்."

டிரைவர் தலைகாணியில் தலையைத் திருப்பி முட்டிக்கொள்வார். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். அண்ணி முந்தானையால் துடைத்துவிட்டு, "ரொம்ப நேரம் உக்கார வச்சிட்டோம்டா, அதான்" என்பாள். அவளுக்கும் வேறு என்ன தெரியும்?

தட்டித் தட்டி அந்த இடம் கன்றிப்போயிற்று. எலும்புக்கு மேல் தோல் கறுத்து வீங்கியது. கையைக் கட்டிவைக்கச் சொன்னார் டாக்டர். இருக்கிற ஒரே கையையும் கட்டுவதா? டெய்லரால் முடியவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். எல்லாச் சட்டையிலும் நெஞ்சின் இடது பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்தான். பஞ்சு நகராமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தையல் போட்டான். அவன் கைவேலையிலேயே அதுதான் மிக நேர்த்தியானது என்று சொல்ல வேண்டும். பழைய பாக்கெட்டின் தையல் தடம் கொஞ்சம் தெரிந்தது. அதையும் பஞ்சு மறைத்துவிட்டது.

அதை மாட்டிவிட்ட அன்றைக்கு டிரைவர் கையால் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். பிறகு தம்பியை ஒரு பார்வை பார்த்தார். டெய்லருக்கு அந்தப் பார்வை நன்றி சொல்வதாகத்தான் பட்டது.

மழை பிடிப்பதற்கு முன்னால் வண்டி முழுசாகிவிட்டது. சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூனை நாசம் பண்ணியதை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, தடித்த நீலத் துணியில் புது உறை தைத்து, ஓரமெல்லாம் வெள்ளைக் கயிறு வைத்து மடித்து, அண்ணன் சாய்ந்துகொள்ளப் பக்கத்துக்கு ஒரு தலைகாணியும் தைத்துப் போட்டிருந்தான். சக்கரங்களுக்குக் காற்றடித்தாகிவிட்டது. எலி தின்ற ஒயர்களைப் பார்த்துப் பார்த்து மாற்றியாகிவிட்டது. பாட்டரியை மாட்டினான். பெட்ரோல் ஊற்றினான். அண்ணி டிரைவரைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு கூடிவிட்டது. டெய்லர் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

என்ஜின் சுற்றியது. கர் கர் கர் என்று நன்றாகச் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பெட்ரோல் வருகிறதா என்று வாயால் உறிஞ்சியே பார்த்தான், வந்தது. சாயங்காலம் வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பாட்டரி முனகி முனகி அடங்கியது. தெரு ஒவ்வொருத்தராகக் கலைந்து போனது. இந்தத் தடவை யாரும் கேலி பேசவில்லை. அதுதான் டெய்லருக்கு இன்னும் வலித்தது.

ஜன்னல் பக்கம் பார்த்தான். டிரைவர் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். பஞ்சில் விழுகிற அடிக்குச் சத்தமே இல்லை. வாய் மட்டும் 'ஆ ஆ' என்றது.

"என்னால முடியல அண்ணே" என்றான் டெய்லர். "எல்லாத்தையும் மாட்டிட்டேன். ஒண்ணுகூட மிச்சம் இல்ல. அப்புறமும் ஓட மாட்டேங்குதே, நான் என்ன பண்ணட்டும்?"

அந்த வாரத்திலேயே டாக்டர் பயந்தது நடந்தது. காலையில் அண்ணி முகம் துடைக்கப் போனபோது டிரைவரின் இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதே கட்டிலில், அதே ஜன்னலோரத்தில் கிடத்தினார்கள். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. நெஞ்சைத் தட்டவில்லை. எதைக் கேட்டாலும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டல் எப்போது நிற்கும் என்று ஏங்கிய அண்ணி, இப்போது அது நின்றதற்கு அழுதாள்.

டெய்லர் வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டினான். ஸ்பானர்களைத் துடைத்து ஒரு பையில் போட்டான். திருப்பிக் கொடுக்கப் போக மனசில்லை. அந்தப் பையை அண்ணிதான் எடுத்துக்கொண்டு போனாள். 'நாளைக்கு' கடைமுன்னால் போய் அதைத் தரையில் டங்கென்று வைத்தாள். அவள் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குத் தெருவே கேட்டது.

"உங்க பெண்டாட்டிக்கு வலி எடுத்தப்ப என் வீட்டுக்காரரு நாளைக்கு வரேன்னு சொன்னாரா? சட்டையக்கூட மாட்டாம கையில பிடிச்சுக்கிட்டு வண்டிய எடுத்துட்டு ஓடி வந்தாரா, இல்லியா? சொல்லுங்க!"

'நாளைக்கு' கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தான்.

தார்ப்பாயை அவிழ்த்தான். சுற்றி வந்தான். சீட்டைத் தொட்டுப் பார்த்து, "மாப்பிள்ளை கணக்கா அலங்காரம் பண்ணி வச்சிருக்கியே டெய்லர்" என்றான். போனட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது. "இதெல்லாம் நீயா மாட்டின?"

"அண்ணன் சொல்லச் சொல்ல மாட்டினேன்."

"அதான பாத்தேன். பழுதே இல்லியே." அவன் அந்தக் கறுப்பு மூடியின் கொக்கிகளைத் தள்ளித் திறந்தான். உள்ளே பார்த்தான். "ரோட்டர் எங்க?"

"எது?"

"இந்தக் கம்பி தலைல ஒக்காருமே, சின்னதா. அதுதான சுத்திச் சுத்தி நாலு பிளக்குக்கும் கரண்டப் பங்கு போட்டுக் குடுக்கும். அது இல்லாம நீ வருஷம் பூராச் சாவியத் திருப்பினாலும் ஓடாது."

"நான் தொறந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. மொட்டையா. அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

'நாளைக்கு' யோசித்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டான். "அட, டிரைவரு கழட்டியிருப்பாருய்யா! பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான். வெளிய நிறுத்துற வண்டிக்கு அதான் பூட்டு. சாயங்காலம் அதக் கழட்டிச் சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டா எந்தத் திருடன் வந்தாலும் வண்டிய எடுக்க முடியாது. காபி கலர்ல, பித்தளைத் தகடு வச்சு, இத்தினியூண்டு இருக்கும். அவரு பாக்கெட்டப் பாத்தீங்களா?"

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "காலைல எந்திரிச்சதும் பாக்கெட்டத் தொட்டுப் பாத்துட்டுத்தான் டீயே குடிப்பாரு. நான் சீப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்..."

டெய்லர் தன் நெஞ்சின் இடது பக்கத்தில் கையை வைத்தான். வைத்த இடத்தில் அவனுடைய சொந்தச் சட்டைப் பாக்கெட் இருந்தது. வலி என்று அவர் சொல்லவே இல்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கிற ஒரு கையால், தோல் கறுக்கக் கறுக்க, பாக்கெட்டில் இருக்கிறதடா என்றுதான் சொன்னார். பாக்கெட்டை அறுத்தெடுத்தது யார்? அந்த இடத்தில் பஞ்சு வைத்து அடைத்தது யார்?

முன்னறைக்கு ஓடினான். பொத்தான் டப்பாவை மெஷின் பலகைமேல் கவிழ்த்தான். வெள்ளைப் பொத்தான், கறுப்புப் பொத்தான், கோட்டுப் பொத்தான், கொக்கிகள் எல்லாம் உருண்டு ஓடின. நடுவில் அது கிடந்தது. தினமும் அவன் கை போய்வருகிற டப்பா அது. எத்தனை தடவை அதைத் தள்ளிவிட்டுவிட்டுப் பொத்தான் தேடியிருப்பான்!

'நாளைக்கு' அதை வாங்கித் துடைத்து, கம்பித் தலையில் வைத்து அழுத்தி, மூடியை மாட்டினான். தன் கடைப் பாட்டரியைக் கொண்டுவந்து இணைத்தான். "ஏறு டெய்லர், நீயே திருப்பு" என்றான். டெய்லர் திருப்பினான். என்ஜின் இரண்டு தடவை தும்மியது. பின்னாலிருந்து கறுப்பாகப் புகை கக்கியது. பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தைத் தெரு மறக்கவில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். டெய்லர் இறங்கி, வண்டியை ஓடவிட்டுவிட்டு, ஜன்னலுக்கு ஓடினான்.

"அண்ணே! அண்ணே, கேக்குதா? ஓடுது அண்ணே! நீ சொன்னது கெடச்சிடுச்சு. பாக்கெட்டுல இருந்தது கெடச்சிடுச்சு!"

டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "உங்க வண்டிதாங்க. பாருங்க. ஒரு தடவ பாருங்க." கையை எடுத்ததும் தலை பழைய பக்கமே சாய்ந்தது. கைதட்டியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவரைத் தூக்கிப் பின்சீட்டில் வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். இந்த நிலைமையில் அசைக்கக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டாள். அந்த நீலச் சீட்டும், ஓரத்து வெள்ளைக் கயிறும், பக்கத்துத் தலைகாணியும் காலியாகக் கிடந்து குலுங்கின.

"நிறுத்திடலாம் டெய்லர்" என்றான் 'நாளைக்கு' கடைசியில்.

டெய்லர் சாவியைத் திருப்பி நிறுத்தினான். 'நாளைக்கு' போனட்டை மூடக் கையைத் தூக்கினான். "இரு" என்றான் டெய்லர். மூடியின் கொக்கிகளைத் தள்ளினான். அந்தச் சின்னச் சாமானைப் பிடுங்கி எடுத்தான். சூடாக இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டே உள்ளே போனான்.

வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்தான். பாக்கெட்டுகளில் முக்கால்வாசி வண்டி துடைக்கிற துணியாகி எண்ணெயில் நனைந்து கிழிந்துபோயிருந்தன. ஒன்று மட்டும் ஓரத்தில் கிரீஸ் கறையோடு முழுசாகக் கிடைத்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். கத்தரியின் நுனியால் அண்ணன் நெஞ்சின்மேல் இருந்த பஞ்சுத் தையலை ஒவ்வொரு கட்டமாகப் பிரித்தான். அவ்வளவு நேர்த்தியாகப் போட்ட தையல் பிரிவதற்கு நேரம் எடுத்தது. பஞ்சை எடுத்துக் கீழே போட்டான். பழைய தையல் தடம் தெரிந்தது. ஊசி அவரைக் குத்திவிடாமல் இருக்கச் சட்டைக்குள் தன் உள்ளங்கையை விட்டுக்கொண்டு, அதே தடத்திலேயே பாக்கெட்டை வைத்துத் தைத்தான். கண்ணீரில் ஊசி தெரியவில்லை. உள்ளங்கையில் பல தடவை குத்திக்கொண்டான்.

தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தான். ரோட்டரை உள்ளே போட்டான்.

"வண்டிய நிறுத்தியாச்சு அண்ணே" என்றான். "கழட்டிட்டேன். இந்தா, உங்கிட்டயே இருக்கு."

டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி பெருமூச்சுவிட்டு எழுந்திருக்கப் போனாள். அப்போது கட்டில் விரிப்பில் இடது கை நகர்ந்தது. விரல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வயிற்றின்மேல் ஏறின. நின்றன. மறுபடி ஏறின. உதவி செய்ய டெய்லர் கையை நீட்டினான், அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கை நெஞ்சுக்கு வந்தது. பாக்கெட்டைத் தடவியது. உள்ளே இருந்த சாமானை விரல் நுனி வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்தது. பிறகு உள்ளங்கை அதன்மேல் முழுசாகப் படிந்தது. தட்டவில்லை. டிரைவர் கண்ணை மூடினார். மூச்சு சீராக வந்தது.

வெளியே 'நாளைக்கு' ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "டெய்லர், அதக் குடு, தெருமுனை வரைக்குமாச்சும் ஓட்டிப் பாத்துடலாம்" என்றான்.

"இன்னிக்கு வேணாம்" என்றாள் அண்ணி. "அவரு தூங்கறாரு. போனட்டச் சத்தம் போடாம மூடுங்க."